கச்சையும் பச்சை மணியும்

நவம்பர் மாதம் எங்கள் நடனச் சங்கத்தின் ஆண்டு விழாவில், எங்கள் குடும்பத்துக் கண்ணாடித் தம்ளர் என் தலையிலிருந்து விழுந்து உடைந்தது. அறுபத்தெட்டு ஆண்டுகளில் அது ஒரு முறையும் விழுந்ததில்லை. துறைமுக ஊரான எங்கள் வெராக்ரூஸில் இப்போது அதற்கு மூன்று காரணங்கள் சொல்கிறார்கள். எனக்கு வயதாகிவிட்டதாம். வடகாற்று பலமாக அடித்ததாம். என் மைத்துனி காசில்தா விசிறியால் தட்டிவிட்டாளாம். மூன்றும் பொய். எங்கள் குடும்பத்தைப் பற்றிப் பேச வேண்டியிருந்தால் அதை நான்தான் பேச வேண்டும். ஆகவே எழுதுகிறேன்.

என் பெயர் எவாரிஸ்தோ சமூதியோ. வயது எழுபத்தொன்று. வெளிக்கடலில் காத்திருக்கும் கப்பல்களில் ஏறி, அவற்றைப் பாறைகளுக்கும் மணல் திட்டுகளுக்கும் இடையே துறைமுகத்துக்குள் கொண்டுவந்து சேர்ப்பது முப்பத்தொன்பது ஆண்டுகள் என் தொழில். என்னைக் கேப்டன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். ஆனால் இந்த ஊரில் சமூதியோ என்ற பெயருக்கு மதிப்பு கப்பலால் வந்ததல்ல. தன்சோன் என்ற ஜோடி ஆட்டத்தால் வந்தது.

தன்சோன் ஆட ஒரே ஒரு தரைக்கல் போதும் என்பார்கள். கால்கள் அந்தக் கல்லுக்குள்ளேயே பேசிக்கொள்ள வேண்டும். இடுப்புக்கு மேல் எதுவும் அசையக் கூடாது. பாட்டின் நடுவே பல்லவி திரும்பும்போதெல்லாம் ஜோடிகள் ஆட்டத்தை நிறுத்தி, வாத்தியக்காரர்களைப் பார்த்து நிற்பார்கள், பெண்கள் விசிறிக்கொள்வார்கள். பல்லவி முடிந்ததும் கால்கள் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். என் அப்பா எலியசார் தலையில் ததும்பத் ததும்ப நீர் நிறைந்த தம்ளரை வைத்துக்கொண்டு ஆடுவார். ஒரு சொட்டுச் சிந்தாது. ஆண்டுக்கு ஒரு முறை, விழா நாளில். அவருக்குப் பிறகு நான். நிமிர்ந்து நடக்கும் பிள்ளையைப் பார்த்தால் "என்னடா, சமூதியோ முதுகா?" என்று கேட்பது இந்த ஊர் வழக்கம்.

ஓய்வு பெறுவதற்கு முந்திய வாரம், ஒரு தானியக் கப்பலின் கயிற்றேணியில் ஏறும்போது என் இடது கெண்டைக்காலில் ஏணிக்கட்டை உரசியது. எலுமிச்சை விதை அளவு காயம். இரண்டு ஆண்டுகளில் அது எலுமிச்சம்பழத்தைக் குறுக்கே அரிந்த வட்டம் அளவுக்கு வந்துவிட்டது. காலில் இரத்தம் தேங்குவதால் ஆறவில்லை என்றார்கள். களிம்புகள் வந்தன, போயின. நான் நீளமான காலுறை அணிந்தேன். வெள்ளைக் கால்சட்டையில் ஒரு நாளும் கறை தெரியவிட்டதில்லை. காசில்தாதான் ஒரு நாள் ஆட்டத்தின் நடுவே மூக்கைச் சுளித்தாள்.

"அத்தான், உங்க பக்கத்துல செத்த மீன் வாடை வருது. நீங்களா, கடலா?"

"கடல்தான்."

"கடல் கிழக்க இருக்கு. வாடை இடது காலுக்குக் கீழேர்ந்து வருது."

மறுநாள் அவளே என்னை மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே புதிதாக ஒரு சிகிச்சையைப் பத்துப் பேரிடம் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பொறுப்பு யாஸ்மின் உத்ரேரா என்ற இளம் மருத்துவர். மலைப்பக்கத்துப் பெண், மழை பெய்யும் ஊர்க்காரர்களுக்கே உரிய மெதுவான பேச்சு. ஒரு துணிப்பட்டையை என் கையில் வைத்தார். நான்கு விரல் அகலம். எடையே இல்லை. அதிலிருந்து தலைமுடி போன்ற இரண்டு கம்பிகள் ஒரு கட்டுத்துணிக்குப் போயின. பட்டையின் நடுவில் பயறு அளவில் ஒரு மணி.

"இதுல பேட்டரி எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"நீங்கதான் கேப்டன். சீப்பைத் தலையில தேச்சுக் காகிதத்து மேல பிடிச்சா ஒட்டிக்குமே, அதே சங்கதிதான். பட்டைக்குள்ள ரெண்டு ஏடு இருக்கு. மூச்சு இழுத்தா விலா விரியும், விட்டா சுருங்கும். ரெண்டும் உரசும். கொஞ்சூண்டு மின்சாரம் பொறக்கும். அது கம்பி வழியா காயத்துக்குப் போயிடும்."

"போயி?"

"காயத்து ஓரத்துல இருக்கிற உயிரணுக்கள் எந்தப் பக்கம் நகர்றதுன்னு தெரியாம நிக்குதுங்க. இந்த மின்சாரம் அதுங்களுக்கு வழி காட்டும்."

"அப்போ என் வேலைதான்."

"அதே வேலைதான். மின்சாரம் போறப்போ இந்த மணி பச்சையா மின்னும். நடங்க, ஆடுங்க, தூங்குங்க. குளிக்கும்போது தவிரக் கழட்டாதீங்க. எத்தனை தடவை ஓடுச்சுன்னு அதுவே எண்ணி வெச்சுக்கும்."

"காலிலேயே கட்டினா என்ன?"

"வீங்கின காலை இறுக்கக் கூடாது. அதோட, கால் ராத்திரியில சும்மா கெடக்கும். நெஞ்சு சும்மா கெடக்குமா?"

விடியற்காலையில் கண் விழிக்கும்போது போர்வைக்குள் அந்த மணி மின்னுவதைப் பார்த்தபடி படுத்திருப்பேன். இழுக்கும்போது ஒரு முறை, விடும்போது ஒரு முறை. ஜன்னலுக்கு வெளியே துறைமுகம் சாம்பல் நிறத்தில் மிதக்கும். எங்கோ ஒரு இழுவைப் படகு இருமும். சில கோடைக்காலங்களில் எங்கள் கடல் தானே ஒளிரும்; துடுப்பு பட்ட இடத்தில் மட்டும் பச்சையாகத் தீப்பற்றி, துடுப்பை எடுத்ததும் கருத்துப்போகும். இளம்வயதில், எங்களைக் கப்பல்களுக்குக் கொண்டுபோகும் பைலட் படகின் ஓரத்தில் கையை நீரில் விட்டபடி வருவேன். விரல்களின் பின்னால் ஐந்து பச்சைக் கோடுகள் வரும். அந்தக் கடல் இப்போது என் நெஞ்சின் மேல் படுத்துக்கொண்டது போலிருக்கும். காலில் சின்ன மீன்கள் கடிப்பது போல் ஒரு குறுகுறுப்பு. பிறகு மாதா கோயில் மணி அடிக்கும். நான் எழுந்து உடுத்திக்கொள்வேன்.

சொன்னபடி கேட்டேன். தினமும் காலையில் அலைதடுப்புச் சுவரின் கோடிவரை நடந்தேன். வாரத்தில் மூன்று மாலைகள் சதுக்கத்தில் ஆடினேன். நாற்பது நாள் கழித்து உத்ரேரா காயத்தின் ஓரத்தை அளந்தார். பட்டையை ஒரு கருவியில் பொருத்தினார். திரையை என் பக்கம் திருப்பினார்.

"இதைப் பாருங்க கேப்டன். ராத்திரி நல்லா ஓடியிருக்கு. காலைல ஆறு மணிக்கு மேல ஒண்ணுமே இல்லை. நாப்பது நாளும் இதே கதை."

"நான் நடக்கிறேன். ஆடுறேன்."

"அப்படின்னா நீங்க பகல்ல மூச்சே விடறதில்லை. செத்துப்போயி ஆடுறீங்க, ராத்திரி உசிரோட வந்து படுத்துக்கிறீங்க."

தட்டியின் அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள்.

"பட்டையைக் கழட்டி வெச்சுடறீங்க. சட்டைக்குள்ள புடைச்சுத் தெரியும்னு. அதானே? சொல்லுங்க, நான் திட்ட மாட்டேன்."

"எங்க குடும்பத்துல பொய் சொல்ற பழக்கம் இல்லை, டாக்டரம்மா."

"எண்ணிக்கைக்கும் அந்தப் பழக்கம் இல்லை." பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "காயம் கீழ்ப்பக்கமா எறங்குது. எலும்பைத் தொட்டுட்டா அப்புறம் காலைப் பத்திப் பேச வேண்டியிருக்கும், காயத்தைப் பத்தி இல்லை. இன்னும் ரெண்டு வாரம் தர்றேன். பகல் எண்ணிக்கை ஏறலேன்னா பட்டையை வாங்கிக்குவேன். வரிசையில வேற ஒருத்தர் காத்துக்கிட்டிருக்காரு."

நான் எழுந்து, நிமிர்ந்து, வெளியே வந்தேன். காரணம் எனக்குத் தெரியும். முதல் வாரமே தெரியும். அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

என் தாத்தா அனஸ்தாசியோ துறைமுகத்தில் காப்பி மூட்டை சுமந்தவர். ஒரு நாள் பாரந்தூக்கியின் கொக்கி அறுந்து அவர் முதுகில் விழுந்தது. பிழைத்தார். எஃகுத் தகடுகள் வைத்துத் தைத்த தோல் கச்சை ஒன்றை அவருக்கு மாட்டினார்கள்; அக்குளிலிருந்து இடுப்புவரை. மகளின் கல்யாணத்தில் ஆட வேண்டி வந்தது. குனிய முடியாது, திரும்ப முடியாது. கால்களால் மட்டும் ஆடினார். கூடியிருந்தவர்கள் வாயடைத்து நின்றார்களாம், இப்படியும் ஒரு கம்பீரமா என்று. அவர் மறுத்துப் பேசவில்லை. அதன்பின் எப்படி மறுப்பது? அப்பாவுக்குப் பதினெட்டு வயதில் அந்தக் கச்சை வந்தது. எனக்குப் பத்தொன்பதில். சிலுவைமேல் கைவைத்து, மனைவியிடமும் சொல்வதில்லை என்று சத்தியம் செய்தேன். தோலை மூன்று முறை மாற்றியாயிற்று, தகடுகள் தாத்தாவுடையவை. காலையில் எழுந்ததும் கட்டுவேன், படுக்கும்போதுதான் அவிழ்ப்பேன். சமூதியோ முதுகு என்று ஊர் சொல்வது அந்த எஃகைத்தான்.

பட்டையின் மேல் கச்சை. விலா எப்படி விரியும்?

அன்று மாலை காசில்தா காப்பிக்கடையில் காத்திருந்தாள். அவள் என் மனைவி ஓஃபேலியாவின் தங்கை. தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், கல்யாணம் செய்துகொள்ளாதவள். ஓஃபேலியா இறந்தபின் ஒன்பது ஆண்டுகளாக என் ஆட்டத்துணை. ஸ்பூனால் தம்ளரைத் தட்டினாள். அந்தச் சத்தம் கேட்டுப் பரிமாறுபவர் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்து, தோள் உயரத்திலிருந்து பாலை ஊற்றினார்.

"என்ன அத்தான், டாக்டர் பொண்ணு காதைத் திருகிட்டாளா?"

"ரெண்டு வாரம் கெடு."

"கச்சையைக் கழட்டினீங்களா, இல்லையா?"

பால் விழுந்துகொண்டிருந்தது. மெல்லிய வெள்ளைக் கயிறு போல, அறுபடாமல். அது முடியும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன கச்சை?"

"நடிக்காதீங்க. ஒம்போது வருஷமா அந்த முதுகுல கை வெச்சு ஆடுறேன். ஆம்பிளை முதுகா அது? பேங்கு கதவு."

"ஓஃபேலியாவுக்குக் கூட..."

"அக்கா கல்யாணம் ஆன மறுவாரமே எங்கிட்ட சொல்லிட்டா. 'கட்டிப்பிடிச்சா நசுங்கிப்போறேன்டி'ன்னு. எங்கம்மாவுக்கும் தெரியும். பிஞ்ச கொக்கியை உங்கம்மா யார்கிட்டக் குடுத்துத் தெச்சாங்கன்னு நெனைச்சீங்க?"

ஐம்பத்திரண்டு ஆண்டுகள் நான் காவல் காத்த வாசலுக்குப் பின்பக்கமாக இந்தப் பெண்கள் போய் வந்துகொண்டிருந்திருக்கிறார்கள். கோபத்தில் எழுந்து நின்றேன். எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. உட்கார்ந்தேன்.

"இது உங்களுக்கெல்லாம் விளையாட்டா இருக்கு."

"இல்லை அத்தான்." அவள் விசிறியை மடித்து மேசைமேல் வைத்தாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உங்க தாத்தாவுக்கு முதுகு ஒடைஞ்சுது, கச்சை போட்டாரு. உங்களுக்கு என்ன ஒடைஞ்சுது?"

வாழ்நாளில் ஒருவரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை. வெளியே பனையோலைகள் காற்றில் உரசிக்கொண்டிருந்தன. காப்பியின் மேல் ஆடை படர்ந்தது. என் முதுகில் ஒரு குறையும் இல்லை என்பதை அந்த ஆடை படர்கிற நேரத்தில் தெரிந்துகொண்டேன்.

மறுநாள் காலை கச்சை நாற்காலியின்மேல் இருந்தது. நான் அதைத் தொடாமல் சட்டையை மாட்டினேன். வீடு சற்றே சாய்ந்தது போலிருந்தது. கதவு நிலையைப் பிடித்தேன். நங்கூரம் எடுத்த படகு முதல் கணத்தில் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் தயங்குமே, அப்படி. அலைதடுப்புச் சுவர்மேல் நடந்தபோது காற்று சட்டைக்குள் புகுந்து விலாக்களைத் தொட்டது; ஒரு காற்று என் விலாவைத் தொட்டு அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. மூச்சு இழுத்தேன். அது போய்க்கொண்டே இருந்தது. இத்தனை இடம் எனக்குள் இருந்ததா? பட்டப்பகலில், வெயிலில், சட்டையின் மெல்லிய துணிக்குள் பச்சை மணி மின்னியது. கெண்டைக்காலில் மீன்கள் கூட்டமாக வந்தன. கோடியிலிருந்த கலங்கரை விளக்கம் அருகே வந்து வந்து விலகியது. முதுகு வலித்தது, சும்மாவே இருந்த தசைகள். அந்த வலியோடு ஆறு நாள் நடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விழா. முந்தின நாள்தான் வடகாற்று அடித்து ஓய்ந்திருந்தது. சதுக்கம் கழுவிவிட்டது போல் இருந்தது. காற்று துளியும் இல்லை, இதை எழுதிவைக்கிறேன்.

"தம்ளர் வேண்டாம் அத்தான். கால் வலின்னு சொல்லிடலாம்," என்றாள் காசில்தா.

"அது பொய்யாயிடும்."

"அப்போ கச்சையைப் போட்டுக்கிட்டு ஒரு நாள் ஆடிடுங்க. ஒரு நாள்ல கால் போயிடாது."

அதையும் யோசித்தேன். மறைக்க மாட்டேன். கச்சையை எடுத்துக் கையில் வைத்திருந்து திரும்பப் போட்டுவிட்டுத்தான் வீட்டிலிருந்து கிளம்பியிருந்தேன். அப்பா இருந்தால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். அவர் கால் இரண்டும் நன்றாக இருந்தன.

மேடையிலிருந்து எப்போதும்போல் அறிவித்தார்கள். "குடும்பத்தாரே, கேளுங்க. இந்தத் தன்சோன், கேப்டன் எவாரிஸ்தோ சமூதியோவுக்கும் அவரோட நண்பர்களுக்கும் அர்ப்பணம்." சங்கத் தலைவர் தம்ளரை நிரப்பி என் தலையில் வைத்தார். குளிர்ந்த வட்டம். கிளாரினெட் தொடங்கியது.

முதல் பகுதி நன்றாகவே போனது. கால்கள் தங்கள் கல்லை அறியும். ஆனால் மேலே, தம்ளருக்குள் நீர் மெதுவாக மூச்சு விடுவதை உணர்ந்தேன். நான் இழுத்தால் அது ஏறியது, விட்டால் இறங்கியது. விளக்குகள், வெள்ளைச் சட்டைகள், விசிறிகள் எல்லாம் அதே தாளத்தில் ஏறி இறங்கின. சதுக்கமே ஒரு பெரிய கப்பலாக அலையில் நிற்பது போலவும், அதை உள்ளே கொண்டுவரும் பொறுப்பு என்னுடையது போலவும் இருந்தது.

பல்லவி வந்தது. நின்றோம். பக்கத்துக் கல்லில் லெயோகாதியோ நின்றான்; சுங்க அலுவலகத்தில் இருந்தவன், முப்பது ஆண்டுகளாக இந்தத் தம்ளர் விழக் காத்திருப்பவன்.

"என்ன கேப்டனே, இன்னிக்குக் கப்பல் ஆடுது? சரக்கை ஒரு பக்கமா ஏத்திட்டியா?"

காசில்தா விசிறிக்குப் பின்னாலிருந்து சொன்னாள்:

"சரக்கை எறக்கியாச்சு லெயோகாதியோ. அதான் ஆடுது."

நான் சிரித்தேன். நடந்தது அதுதான். வாய்க்குள் சிரிக்கவில்லை, கச்சைக்காரர்கள் அப்படித்தான் சிரிப்போம். இது விலாவிலிருந்து வந்தது. அடியிலிருந்து கிளம்பி, தோளைக் குலுக்கி, கழுத்தைக் குலுக்கி வந்தது. அது வருவது எனக்குத் தெரிந்தது. நிறுத்தியிருக்க முடியும்; ஐம்பத்திரண்டு ஆண்டுகள் நிறுத்தியவன். நிறுத்தவில்லை. நீர் என் முகத்திலும் சட்டையிலும் வழிந்தது. தம்ளர் கல்லில் விழுந்த சத்தம், காப்பிக்கடையில் பாலுக்காகத் தட்டும் சத்தம் போல, சின்னதாகத்தான் கேட்டது.

நனைந்த சட்டைக்குள்ளிருந்து பச்சை மணி படபடவென்று மின்னியது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

"நெஞ்சுல என்ன அது? மிதவை விளக்கா?" என்றான் லெயோகாதியோ.

"ஆமாம். பச்சையை இடப்பக்கம் விட்டு ஒதுங்கிப் போ. தரை தட்டிடும்."

பல்லவி முடிந்தது. வாத்தியக்காரர்கள் யாருக்காகவும் நிற்பதில்லை. காசில்தா என் தோளுக்குப் பின்னால் கைவைத்தாள். ஒரு கணம் கை அங்கேயே எதையோ தேடியது.

"அட, உள்ள ஆளு இருக்கு," என்றாள்.

ஈரக் கல்லில், உடைந்த கண்ணாடியை மிதிக்காமல், அந்தத் தன்சோனை முடித்தோம்.

மறுநாள் கச்சையைத் துணிப்பையில் போட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோய் உத்ரேராவின் மேசைமேல் வைத்தேன். சத்தியத்தை மீறி வெளி ஆளிடம் நான் சொன்னது அன்றுதான். அவர் அதை இரண்டு கைகளாலும் தூக்கிப் பார்த்தார். கொக்கிகளை எண்ணினார். சிரிக்கவில்லை, அதற்காக அவரிடம் எனக்கு மரியாதை உண்டு.

"நீங்க பொய் சொல்றீங்கன்னு நெனைச்சுட்டேன் கேப்டன்."

"நான் உண்மையைச் சொல்லலையே. உங்க மேல தப்பில்லை."

அந்த வாரத்தின் பகல்கள் திரையில் நிரம்பியிருந்தன. காயத்தின் விளிம்பில் உள்ளங்கை நிறத்தில் ஒரு மெல்லிய கரை தெரிந்தது. பட்டையை அவர் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. கரை உள்நோக்கி வந்தது. வழி தெரிந்தவர்கள் வருவது போல, அவசரமில்லாமல். ஜனவரி கடைசியில் நடுவில் ஒரு எலுமிச்சை விதை மட்டும் மீந்தது. பிப்ரவரி தொடக்கத்தில், மெழுகுவர்த்தித் திருநாளுக்கு முந்தின நாள் அதுவும் மூடியது. பட்டையைக் கொடுத்துவிட்டேன். வரிசையில் காத்திருந்தவர் மீன் சந்தையில் வேலை செய்பவராம்.

அடுத்த ஆண்டுக்குப் புதுத் தம்ளர் வாங்கிவைத்திருப்பதாகச் சங்கத் தலைவர் சொன்னார். அதில் நீங்களே தண்ணீர் குடியுங்கள் என்று சொல்லிவிட்டேன். ஆட்டத்துக்குப் போகிறேன், வாரம் மூன்று மாலைகள். உடம்பு கொஞ்சம் ஆடுகிறது என்கிறார்கள், ஆடத்தானே போகிறேன்.

பல்லவி வரும்போது நிற்கிறோம். காசில்தா விசிறுகிறாள். துறைமுகத்தின் பக்கமிருந்து உப்புக் காற்று வருகிறது. மூச்சை இழுக்கும்போது, பழக்கத்தில், நெஞ்சைக் குனிந்து பார்த்துக்கொள்கிறேன்.